கிணறு இருக்கிறது, தண்ணீர் இல்லை: ‘சடாகோ’ (2019) பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பேய்ப்பட ஆசாமி என்று தெரிந்துபோனதால், தெரிந்தவர்கள் ‘சடாகோ’ என்ற இந்த ஜப்பானியப் பேய்ப்படத்தைப் பற்றி ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். நடுவில் கதையையும் போட்டு உடைத்திருக்கிறேன். படத்தைப் பார்த்தே தீருவேன் என்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

சடாகோ என்றால் காகிதக் கொக்கு மடித்த சிறுமியா?

இல்லை. அவள் சடாகோ சசாகி. ஹிரோஷிமா குண்டுவீச்சின் கதிர்வீச்சு பாதித்து, இரத்தப் புற்றுநோயால் 1955இல் இறந்துபோன குழந்தை. இங்கே பேசுவது சடாகோ யமமுரா என்ற கற்பனைப் பாத்திரத்தைப் பற்றி. உச்சரிப்பு ஒன்றுதான், ஜப்பானிய மொழியில் எழுதும் எழுத்து வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒருவர் என்னிடம், “அந்தக் குழந்தையையா பேயாக்கிட்டாங்க?” என்று வருத்தப்பட்டார். அதனால்தான் இதை முதல் கேள்வியாக வைத்தேன்.

சரி, இந்தச் சடாகோ யார்?

கோஜி சுசுகி 1991இல் எழுதிய ‘ரிங்’ நாவலில் வருகிறவள். அதை 1998இல் ஹிடியோ நகாதா படமாக எடுத்தார். ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. அதைப் பார்த்து முடித்ததும் போன் அடிக்கும். அதிலிருந்து சரியாக ஏழு நாளில் பார்த்தவர் செத்துப்போவார். ரெய்கோ என்ற பத்திரிகையாளர், தன் அக்காள் மகள் செத்த காரணத்தைத் தேடிப் போய்த் தானும் அந்தக் கேசட்டைப் பார்த்துவிடுகிறாள். முன்னாள் கணவன் ரியூஜியைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். இருவரும் தேடித் தேடிக் கடைசியில் ஒரு பாழுங்கிணற்றில் போய் நிற்கிறார்கள். பல வருஷத்துக்கு முன் அடித்து அதற்குள் தள்ளப்பட்டவள்தான் சடாகோ.

நான் முதலில் பார்த்தது வாடகை விசிடியில். இரண்டாவது வட்டு நடுவில் சிக்கிச் சிக்கி ஓடியது. திரையில் கோடு விழுவது படத்தில் வருவதா, வட்டில் கீறலா என்று தெரியாமல் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். அதைவிட நல்ல முறையில் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

2019 படத்தை எல்லோரும் அவ்வளவு எதிர்பார்த்தது ஏன்?

எடுத்தவர் அதே நகாதா. 1999இல் ‘ரிங் 2’ எடுத்தார். ‘ரிங்’கை அமெரிக்காவில் மறுபடி எடுத்த வரிசையின் இரண்டாம் படத்தையும் 2005இல் அவரே இயக்கினார். ஆனால் ஜப்பானிய வரிசைக்கு அவர் திரும்பி வர இருபது வருஷம் ஆயிற்று.

அந்த இருபது வருஷத்தில் சடாகோவுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2012இல் ‘சடாகோ 3டி’ வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிற படம். கணினித் திரையிலிருந்தும் கைபேசித் திரையிலிருந்தும் முடிக்கற்றை பாய்ந்து வரும், கடைசியில் நாலு காலில் தாவும் பூச்சி மாதிரி ஒரு கூட்டமே வரும். விளம்பரத்துக்காக டோக்கியோ டோம் மைதானத்தில் சடாகோ வேஷக்காரர் ஒருவர் பேஸ்பால் ஆட்டத்தின் முதல் பந்தை வீசினார். 2016இல் ‘சடாகோ எதிர் கயாகோ’. சடாகோவுக்கும் இன்னொரு பட வரிசையின் பேயான கயாகோவுக்கும் சண்டை மூட்டிவிட்ட அந்தப் படம் ஏப்ரல் முட்டாள்தின வேடிக்கையாகத் தொடங்கிய யோசனை. பந்து வீசிய பேயை யார் பார்த்துப் பயப்படுவார்கள்? பெற்றவரே வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார் என்று நம்பினோம்.

2019 படத்தின் கதை என்ன?

ஒரு தாய், பேய் பிசாசு பார்த்துச் சொல்கிறவள், தன் சிறுமியைச் சடாகோவின் மறுபிறவி என்று நம்பி அலமாரிக்குள் பூட்டி வளர்க்கிறாள். ஒருநாள் வீட்டுக்கே தீ வைக்கிறாள். சிறுமி தப்பிவிடுகிறாள். ஞாபகம் எதுவும் இல்லாமல் தெருவில் திரிந்தவளை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அங்கே மனநல ஆலோசகராக இருக்கும் மாயு அவளைக் கவனித்துக்கொள்கிறாள். மாயுவும் பெற்றோர் கைவிட்டு விடுதியில் வளர்ந்தவள். கூடவே வளர்ந்த தம்பி கசுமா இப்போது யூடியூபர். பார்வை எண்ணிக்கை சரிந்துகொண்டே போகிறது. பிழைக்க வழி தேடி, அந்த எரிந்த வீட்டுக்குள் கேமராவோடு போகிறான். காணாமல் போகிறான். தம்பியைத் தேடி மாயு இசு ஓஷிமா தீவுக்குப் போகிறாள். அங்கே கடலோரத்தில் ஒரு குகை. மிச்சம் எல்லாம் அந்தக் குகைக்குள்.

படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அப்புறம் எங்கே சொதப்பியது?

முதல் படத்தில் கெடு இருந்தது. ஏழு நாள். திரையில் தேதியும் கிழமையும் எழுத்தாக வந்து விழும். ஒவ்வொரு தேதி வரும்போதும் நமக்குள் ஒரு கணக்கு ஓடும். ரெய்கோ காரில் போகிறாள், நூலகத்தில் பழைய செய்தித்தாள் புரட்டுகிறாள், படகுக்குக் காத்திருக்கிறாள். பேயே இல்லாத காட்சிகள். ஆனாலும் வயிறு கலங்குகிறது, ஏனென்றால் நாள் போய்க்கொண்டிருக்கிறது. பல்விளக்கும் காட்சியைக்கூடத் திகிலாக்க ஒரு கெடு போதும்.

2019 படத்தில் அந்தக் கெடு இல்லை. ஜப்பானில் அதை விளம்பரப்படுத்தியபோது போட்ட வாசகம் ‘படம் பிடித்தால் சாவு’. பழைய ‘பார்த்தால் சாவு’ என்பதை இந்தக் காலத்துக்குத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அருமையான யோசனை! கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே திரிகிற ஊரில் இதைவிட நல்ல சாபம் ஏது? ஆனால் படம் அதைப் போஸ்டரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. கசுமா படம் பிடித்தான், போனான், சரி. அப்புறம்? அவன் எடுத்த வீடியோவைப் பார்த்தால் என்ன ஆகும்? எத்தனை நாள்? தப்பிக்க என்ன செய்ய வேண்டும்? யாருக்கும் தெரியாது, யாரும் கேட்பதும் இல்லை. சடாகோ தனக்குத் தோன்றியபோது வருகிறாள், தோன்றியவரைப் பிடிக்கிறாள்.

எப்போது வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கொல்லும் பேய்தானே அதிகப் பயம் தர வேண்டும் என்று கேட்பீர்கள். நடப்பது தலைகீழ். விதி தெரிந்தால்தான் அதை மீறிவிட்டோமே என்ற பதைப்பு வரும். விதியே இல்லாவிட்டால் கூரையிலிருந்து ஓடு விழுந்த மாதிரிதான். திடுக்கென்று இருக்கும், அவ்வளவுதான்.

முதல் படத்தில் சடாகோ டிவியிலிருந்து வெளியே வரும் அந்தக் காட்சியில் அப்படி என்ன விசேஷம்?

இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கிணற்றிலிருந்து எலும்பை எடுத்தாயிற்று, ரெய்கோவின் ஏழு நாள் முடிந்தும் அவள் சாகவில்லை, சாபம் தீர்ந்தது என்று எல்லோரும் மூச்சு விட்டாயிற்று. ரியூஜி மேஜையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறான். டிவி தானாகப் போட்டுக்கொள்கிறது. அதில் கிணறு. கேசட்டில் நாம் முன்பே பார்த்த அதே காட்சி, ஆனால் அங்கே நின்றுபோன இடத்தில் இங்கே நிற்கவில்லை. கிணற்று விளிம்பில் ஒரு கை. உடம்பு வெளியே வருகிறது. தட்டுத் தடுமாறி முன்னால் நடந்து வருகிறது. போன் அடிக்கிறது. ரியூஜியால் அதை எடுக்கக்கூட முடியவில்லை. உருவம் திரையை நிறைக்கிறது. பிறகு கண்ணாடியே இல்லாத மாதிரி தலைமுடி வெளியே வழிகிறது. தரையில் ஊன்றிய விரல்களில் நகம் இல்லை, கிணற்றுச் சுவரைப் பிறாண்டிப் பிறாண்டிப் பிய்ந்துபோனவை. ஏன் என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை. நாமே புரிந்துகொள்கிறோம், அதனால்தான் உறைக்கிறது.

நடித்தவர் ரியே இனோ என்ற நாடக நடிகை. அவரைப் பின்னோக்கி நடக்க வைத்துப் படம் பிடித்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். கால் வைக்கும் விதத்தில் ஏதோ தப்பாக இருக்கிறது, என்ன தப்பு என்று மூளைக்குப் பிடிபடாது. முடிக்குள்ளிருந்து முறைக்கும் அந்த ஒற்றைக் கண் அவருடையதுகூட இல்லை. உதவி இயக்குநர் ஒருவரின் கண், அதுவும் ஆண்.

இன்னொன்றும் உண்டு. முழுசாக ஒன்றரை மணி நேரப் படத்தில் சடாகோ இப்படி எழுந்து வருவது அந்த ஒரு தடவைதான். அதற்கு முன் துண்டுதுண்டாக ஒரு நிழல், ஒரு கை, கண்ணாடியில் ஒரு முகம். அவ்வளவே.

2019 படத்தில் டிவி காட்சி இல்லையா?

இருக்கிறது. மருத்துவமனை டிவியிலிருந்து வருகிறாள். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரி, செய்தாக வேண்டும் என்பதற்காகச் செய்தது போல இருக்கிறது. கேசட்டும் டெக்கும் போய்விட்ட காலத்தில் அவள் ஏன் டிவியிலிருந்து வர வேண்டும்? முன்பு வந்தாள் என்பது தவிர வேறு காரணம் இல்லை. இதற்குள் பல தடவை அவளைப் பார்த்தும்விடுகிறோம்.

அப்படியானால் படத்தில் ஒன்றுமே நன்றாக இல்லையா?

அப்படிச் சொன்னால் பாவம். மாயுவாக வரும் எலைசா இகேதா தன் பங்கை ஒழுங்காகச் செய்திருக்கிறார். மருத்துவமனை நோயாளி குராஹாஷியாக வருபவர் ஹிதோமி சாதோ. அவர் யார் தெரியுமா? முதல் படத்தின் தொடக்கத்தில் தோழி செத்ததை நேரில் பார்த்த பள்ளி மாணவி மசாமி. அதே நடிகை, அதே பாத்திரம், இருபது வயது கூடி வருகிறது. டிவியைக் கண்டாலே நடுங்கும் பெண்ணாக ‘ரிங் 2’விலும் வந்தார். ஒரு பேய் தொட்டுவிட்டுப் போன பிறகு, சாகாமல் மிச்சமிருக்கிறவள் இருபது வருஷத்தை எப்படிக் கழித்திருப்பாள்? எனக்கு அந்தப் படம்தான் வேண்டும். கொஞ்ச நேரம் காட்டிவிட்டு அவளையும் கைவிட்டுவிட்டார்கள்.

அலமாரிச் சிறுமியும் அப்படித்தான். பெற்றவளே பேய் என்று சொல்லிப் பூட்டி வைத்த குழந்தை, பெற்றவர்கள் விட்டுப்போன அக்காள் தம்பி, கடல்நீர் ஏறும் குகையில் விடப்பட்ட வேண்டாத சிசுக்கள். எல்லாம் ஒரே நூலில் கோக்க வேண்டியவை. நகாதாவுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. 2002இல் ‘டார்க் வாட்டர்’ எடுத்தவர் அவர். விவாகரத்து வழக்கில் மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் போராடும் தாய், பழைய குடியிருப்பில் கூரையில் நாளுக்கு நாள் பெரிதாகும் ஈரக்கறை, தூக்கிப் போட்டாலும் திரும்பத் திரும்ப வந்து சேரும் ஒரு சிவப்புக் குழந்தைப் பை. பள்ளி விட்டும் அம்மா வராத குழந்தையின் முகத்தை அந்தப் படம் காட்டிய விதத்தில் பேயே தேவைப்படவில்லை. அதே கை 2019இல் அதே பொருளைத் தொடுகிறது, பிடி நழுவுகிறது. சிறுமியின் துயரத்தின் பக்கம் படம் சாயும்போதெல்லாம் ‘சடாகோ எங்கே, சடாகோ எங்கே’ என்று யாரோ பின்னாலிருந்து இழுக்கிற மாதிரி இருக்கிறது.

இது உண்மைக் கதையா?

கேசட், கிணறு எல்லாம் கற்பனை. ஆனால் முதல் படத்தில் சடாகோவின் தாய் ஷிசுகோ, பத்திரிகையாளர்கள் முன் தன் ஞானதிருஷ்டியை நிரூபிக்க முயன்று ஏமாற்றுக்காரி என்று பழிக்கப்படும் காட்சி வருகிறதே, அதற்கு வேர் இருக்கிறது.

டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த தொமோகிச்சி ஃபுகுராய், 1910இல் சிசுகோ மிஃபுனே என்ற பெண்ணை வைத்துச் சோதனை நடத்தினார். மூடி முத்திரையிட்ட பொருளுக்குள் எழுதியிருப்பதைப் பார்க்காமலே அந்தப் பெண் சொல்வார் என்பது வாதம். அறிஞர்கள் முன்னால் நடந்த சோதனை சந்தேகத்தில் முடிந்தது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. 1911 ஜனவரியில் அந்தப் பெண் விஷம் குடித்து இறந்தார், வயது இருபத்துநாலு. ஃபுகுராய் பிறகு சோதித்த பெண்களில் ஒருவர் பெயர் சடாகோ தகாஹாஷி. மனத்தில் நினைப்பதைப் புகைப்படத் தகட்டில் பதிய வைப்பார் என்றார்கள். 1913இல் ஃபுகுராய் புத்தகம் போட்டார், பல்கலைக்கழக வேலையும் போயிற்று. மனத்தில் இருப்பது தகட்டில் பதியுமென்றால் வீடியோ நாடாவிலும் பதியாதா? சாபக் கேசட் அப்படித்தான் வருகிறது.

இசு ஓஷிமாவும் நிஜத் தீவுதான். டோக்கியோவுக்குத் தெற்கே கடலில். நடுவில் மிஹாரா எரிமலை. 1986இல் வெடித்துத் தீவு மொத்தத்தையும் காலி செய்ய வைத்தது. 1930களில் அதன் வாயில் குதித்து உயிர்விட்டவர்கள் ஏராளம். படத்தில் ஷிசுகோ அந்த எரிமலை வெடிக்கும் என்று முன்கூட்டியே சொன்னவள், கடைசியில் அதற்குள்ளேயே குதித்தவள். 2019 படமும் இதே தீவுக்குத்தான் போகிறது. போய் இறங்கிய பிறகு எரிமலையை மறந்துவிடுகிறது.

ஜப்பானியப் பேய்க்கு ஏன் எப்போதும் வெள்ளைத் துணி, தலைவிரிகோலம்?

வெள்ளை, பிணத்துக்கு உடுத்தும் கிமோனோவின் நிறம். உயிரோடு இருக்கும்போது வாரி முடிந்த கூந்தல் செத்தபின் அவிழ்ந்துவிடுகிறது. வஞ்சிக்கப்பட்டுச் செத்தவள் பழிதீர்க்க வரும் ஆவிக்கு அங்கே ‘ஓன்ரியோ’ என்று பெயர். இதற்குக் கபுகி நாடக மேடையில் பெரிய பரம்பரை உண்டு. 1825இல் மேடையேறிய ‘யோத்சுயா கைதான்’ நாடகத்தில் ஓய்வா என்ற பெண்ணுக்கு விஷம் கொடுக்கிறார்கள். முகம் வீங்கிப் போகிறது. கண்ணாடியில் அதைப் பார்த்த பிறகும் அவள் உட்கார்ந்து தலை வாருகிறாள். சீப்போடு கொத்துக் கொத்தாக முடி வருகிறது. இருநூறு வருஷமாகியும் அந்தத் தலைவாரும் காட்சிக்குக் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்.

கிணறு ஓகிகுவின் சொத்து. எஜமானனின் பத்துத் தட்டில் ஒன்று குறைந்ததென்று கொன்று கிணற்றில் போடப்பட்ட வேலைக்காரி. இரவில் உள்ளிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணும் குரல் கேட்கும். ஒன்பது வந்ததும் ஓலம். ஹிமேஜி கோட்டைக்குப் போனால் ‘ஓகிகு கிணறு’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். பாருங்கள், ஓகிகுவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்பதுக்குப் பிறகு என்ன வரும் என்று தெரிந்துகொண்டே எட்டைக் கேட்பதில்தான் நடுக்கம்.

‘ரிங்’ வரிசையில் எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

1998 ‘ரிங்’ கட்டாயம். அதோடு ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில் திரையிட்ட தொடர்ச்சிப் படம் ஒன்று உண்டு, ‘ரசென்’. சுசுகியின் இரண்டாம் நாவல். சாபத்தைக் கிருமியாகவும் மரபணுவாகவும் விளக்கப் போய் யாருக்கும் பிடிக்காமல் போயிற்று. அப்படி ஒரு படம் வந்ததையே மறந்துவிட்டு 1999இல் ‘ரிங் 2’ எடுத்தார்கள். அது சுமார், ஆனால் சில காட்சிகள் தூக்கத்தைக் கெடுக்கும். 2000இல் நோரியோ சுருதா எடுத்த ‘ரிங் 0’ சடாகோ உயிரோடு இருந்த காலத்துக் கதை. பயத்தைவிடப் பரிதாபம் அதிகம், எனக்குப் பிடிக்கும். 3டி படங்கள் வேண்டாம். ‘சடாகோ எதிர் கயாகோ’வை நாலு பேரோடு சிரித்துக்கொண்டே பார்க்கலாம். 2022இல் வந்த ‘சடாகோ டிஎக்ஸ்’ ஏழு நாளை ஒரு நாளாகச் சுருக்கி, வேடிக்கையும் சேர்த்தது. கெடுவாவது திரும்பி வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

2019 படத்தில் ரத்தம் அதிகமில்லை. ஆனால் குழந்தையைப் பூட்டி வைப்பதும் தீ வைப்பதும் வருகிறது. வேண்டாம்.

கடைசியில் மாயு தப்பிக்கிறாளா?

குகையில் தம்பி அவளைக் காப்பாற்றித் தான் போய்ச் சேருகிறான். அக்காளைப் பிழைக்க வைக்கத் தம்பி தண்ணீருக்குள் போவது, விடுதிப் படுக்கையில் ஒட்டிக்கொண்டு வளர்ந்த இரண்டு பேரின் கதைக்கு உரிய முடிவு. அங்கேயே விளக்கைப் போட்டிருக்கலாம். ஆனால் மறுபடி மருத்துவமனை, மறுபடி படுக்கை, மறுபடி அந்தத் தலைமுடி, ஒரு அலறல், அப்புறம் பெயர்ப் பட்டியல். என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அலறல் வருவதற்கு முன்பே எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.